வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் நடுவே தாயம்

கேள்வி: வன்கொடுமை (தலித், பழங்குடி மக்கள் மீதான சாதிக் கொடுமை) வழக்குகளும் கொத்தடிமை மீட்பும் பார்க்கும் 14 பேர் கொண்ட குழு எங்களுடையது. ஒன்றரை ஆண்டில் நான்கு பேர் விலகிவிட்டார்கள். இருப்பவர்களும் சோர்ந்துபோயிருக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கலாம் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். மூத்தவர்களோ, "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து விளையாட்டா?" என்கிறார்கள். விளையாட்டால் பயன் உண்டா? எப்படி நடத்துவது?

பதில்:

மூத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம் சாவு வீடுகளிலேயே இருக்கிறது. மறுநாள்தான் எடுக்கப்போகிறார்கள் என்றால், ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய வீட்டுத் திண்ணையிலோ பந்தலடியிலோ நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே ஆட்டம். யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. விடியும்வரை துணைக்கு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் உருட்டுவதும் கண்விழிக்கத்தான். உங்கள் ஆட்களும் அப்படித்தான் பல வருஷமாக விழித்திருக்கிறார்கள்.

விளையாட்டு எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வேலைச் சோர்வை அளக்க 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அதன்படி சோர்வுக்கு மூன்று முகம். உடம்பும் மனசும் வற்றிப்போவது ஒன்று. எதிரில் வந்து நிற்கும் மனிதர் வெறும் கேஸ் நம்பராகத் தெரிய ஆரம்பிப்பது இன்னொன்று. 'நான் ஓடி என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு மூன்றாவது. முதலாவதற்கு விளையாட்டு மருந்தே கிடையாது, தூக்கமும் விடுப்பும்தான். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி, ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கிறது, பயணப்படி பில் கணக்காளர் மேசையில் தூங்குகிறது என்றால், அந்த இடத்தில் விளையாட்டு வைப்பது ஆட்களைக் கேலி செய்வது மாதிரி. விலகிப்போன நான்கு பேரிடம் காரணம் கேட்டீர்களா? பணமும் விடுப்பும்தான் காரணம் என்று சொல்லியிருந்தால், இந்தப் பதிலின் மிச்சத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள்.

விளையாட்டுக்கு வேலை மற்ற இரண்டில்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி டிஎஸ்பி 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும். அது தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று 2015 திருத்தம் சொல்கிறது. நடப்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்தா, அடுத்த வாய்தா, அதற்கடுத்த வாய்தா. கடைசியில் ஒருநாள் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்ந்துவிடுவார். முடிவே தெரியாத வேலையைச் செய்கிறவருக்கு, பத்து நிமிடத்தில் தொடங்கி முடிந்துவிடுகிற ஒன்று, தோற்றாலும் கல்லை மறுபடி அடுக்கி ஆடக்கூடிய ஒன்று கையில் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அதோடு, சேர்ந்து ஆடும்போது பக்கத்தில் இருப்பவர் மறுபடி மனிதராகத் தெரிவார். ஒருவரை ஒருவர் அப்படிப் பார்க்கப் பழகிய குழு, புகார் கொடுக்க வருகிறவரையும் அப்படிப் பார்ப்பதற்கு வாய்ப்பு கூடுதல்.

இது இறக்குமதிச் சரக்கும் இல்லை. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் காட்டிலும் குவாரியிலும் உழைத்துவிட்டு, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு எடுத்தார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்ததில் பாட்டுக்கும் கும்மிக்கும் கலைப்பயணங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சைக்கிள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். சைக்கிளால் வேலை எளிதானது உண்மைதான். ஆனால் சாயங்காலம் மைதானத்தில் ஒருத்தி ஓட்ட, பின்னால் இன்னொருத்தி பிடித்துக்கொண்டு ஓட, இரண்டு பேரும் விழுந்து சிரித்ததை எந்தப் பயன் கணக்கில் எழுதுவது?

எழுதவே கூடாது என்பேன். நம் நிறுவனங்களில் விளையாட்டைக் கெடுப்பது இந்தக் கணக்கெழுதும் பழக்கம்தான். பயிற்சி முகாமில் பந்தைத் தூக்கிப்போட்டால் அது 'தகவல் தொடர்பு', கயிற்றைப் பிடித்தால் 'குழு ஒற்றுமை'. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவுடன், "சரி, இதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று ஒருவர் மார்க்கர் பேனாவோடு நிற்பார். அந்த நொடியில் விளையாட்டு செத்துப்போகிறது. ஆடியவர்கள் எல்லோரும் மறுபடி பயிற்சி பெறுபவர்கள் ஆகிவிடுகிறார்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அடுத்த முறை ஆடும்போதே என்ன பதில் சொல்லலாம் என்று யோசிப்பார்கள். உங்கள் கூட்டத்தில் மார்க்கர் பேனாவும் ஃபிளிப் சார்ட்டும் ஆடும் நாற்பது நிமிடம் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

கட்டாயமும் அதே அளவுக்குக் கெடுதல். மூன்று விதமாக இருக்க இடம் கொடுங்கள்: ஆடலாம், புள்ளி எழுதலாம், சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். பார்ப்பவரிடம் "ஏன் வரல?" என்று யாரும் கேட்கக்கூடாது. அந்த நேரத்தில் டீ போடப் போகிறவர்கள் யார் என்று மட்டும் ஒரு கண் வையுங்கள். மூன்று மாதமும் அதே இரண்டு பெண்கள்தான் போகிறார்கள் என்றால், அவர்கள் விளையாட வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. அவர்களுக்காக யாரோ எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு டீ கடையிலிருந்து வரட்டும்.

எந்த ஆட்டம் என்பதை உடம்பின் நிலை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அடிபட்ட குடும்பத்தைப் பார்த்து வாக்குமூலம் எழுதிவிட்டு வந்த ஆளை மறுநாளே கிளித்தட்டில் ஓடவிட்டால் ஓடுவார், இரவு இன்னும் தூக்கம் கெடும். அந்த மாதிரி வாரத்தில் உட்கார்ந்து ஆடும், சத்தமில்லாத ஆட்டம் போதும். எண்ணும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண வேண்டும். யார் அடுத்த எண்ணைச் சொல்வது என்று முறை கிடையாது, சைகையும் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. 14 பேர் என்றால் முதலில் ஐந்தையோ ஆறையோ தாண்டுவதே பெரிய பாடு. பிறகு தானாக மூச்சு அடங்கும், ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் பதினேழிலோ பதினெட்டிலோ உடைந்து மொத்த வட்டமும் "அய்யோ" என்று கத்தும். ஏழெட்டு முறை முயன்று வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்றைக்கு வராதது அடுத்த மாதத்துக்கு ஒரு காரணமாக இருக்கும்.

அஞ்சாங்கல்லுக்குத் தனி மகிமை உண்டு (சில ஊரில் தட்டாங்கல், சொட்டாங்கல்). நாலு பேருக்கு ஐந்து கூழாங்கல் போதும். ஒன்றைத் தூக்கிப்போட்டு, அது இறங்குவதற்குள் தரையில் இருப்பதை ஒவ்வொன்றாக அள்ளுவது, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நாலையும் ஒரே வாரில். கல் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக இருக்க வேண்டும். ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் விரல் கிழியும். இதில் கூட்டங்களில் வாயே திறக்காத கிராமத்துப் பெண் பணியாளர்தான் ராணி. முப்பது வருஷம் இயக்க அனுபவம் உள்ள ஆண் பொறுப்பாளருக்கு இரண்டாம் கட்டத்தைத் தாண்ட வராது. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். பதவி கொஞ்ச நேரம் தலைகீழாக நிற்கும். அதிகாரம் உள்ளவருக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்துத் தோற்பதுதான் அலுவலக விளையாட்டுகளின் பழைய நோய். அஞ்சாங்கல்லில் விட்டுக்கொடுத்தாலும் அவரால் ஜெயிக்க முடியாது. தாயம் மாதிரி பெரும்பாலும் கட்டை விழுவதைப் பொறுத்த ஆட்டங்களும் இதற்கு நல்லவை.

ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டாலே போதும். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு விரிந்து அடிக்கோட்டில் முடியும். நடுவே மூன்று குறுக்குக்கோடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டி, நுனிகளைச் செங்குத்தாக இணைத்துவிடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தை எண்ணினால் 23 வர வேண்டும். வரவில்லையென்றால் குறுக்குக்கோடு வெளியே நீளவில்லை என்று அர்த்தம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை ஆட்டை நகர்த்தக்கூடாது. புலி அதற்கு முன்பே தாண்டி வெட்டலாம். ஆட்டுப் பக்கம் மூன்று பேர், புலிப் பக்கம் இரண்டு பேர் என்று சேர்ந்து ஆடினால் கூச்சல் கூடும். ஐந்தாறு ஆடு போய்விட்டால் புலியை மடக்குவது கஷ்டம், அங்கேயே முடித்துக்கொண்டு பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சின்னது பல சேர்ந்து பெரியதை மடக்குவதில் உள்ள தத்துவத்தைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், அவரை அடுத்த ஆட்டத்தில் புலியாக உட்கார வைப்பது நல்ல தண்டனை.

ஓடியாடும் ஆட்டம் வேண்டுமென்றால் ஏழாங்கல். ஏழு ஓட்டுச்சில்லு, பத்தடி பதினைந்தடி தூரம், ஏழுக்கு ஏழு அணி. பந்தால் ஆளை அடிக்கும் ஆட்டம் என்பதால் ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும் வேண்டாம். பழைய துணியைச் சுருட்டி நூல் சுற்றிய பந்தாக இருக்கட்டும். இடுப்புக்குக் கீழேதான் எறிய வேண்டும். நேரம் மாலை நாலரைக்கு மேல். மொட்டை மாடி வேண்டாம், தரையில் கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு நடை பாருங்கள். முட்டிவலிக்காரர், கர்ப்பிணி, பிபி மாத்திரை சாப்பிடுபவர் யார் யார் என்பது கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை. ஓடும் ஆட்டம் வைக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே ஒரு தாயக்கட்டமும் போட்டுவையுங்கள், அவர்களே அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். வயசுக்கு வந்ததும் தெருவில் விளையாடக்கூடாது என்று நிறுத்தப்பட்ட பெண்கள் உங்கள் குழுவில் கண்டிப்பாக இருப்பார்கள். முதல் இரண்டு மாதம் ஓரமாக நிற்பார்கள். மூன்றாவது மாதம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கலாம். அவசரப்படுத்தாதீர்கள்.

இனி, உங்கள் மாதிரியான குழுவுக்கென்றே பொருந்துகிற இரண்டு.

ஒன்று, வழக்குப் பரமபதம். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பரில் 5 செ.மீ. கட்டமாகப் பத்துக்குப் பத்து, நூறு கட்டம் போடுங்கள். முதல் கட்டம் 'புகார்', நூறாவது கட்டம் 'தண்டனை'. ஏணி ஆறு, பாம்பு ஒன்பது. எந்தக் கட்டத்தில் என்ன என்பதை ஆளுக்கு ஒன்றாகத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'எஃப்ஐஆர் அன்றைக்கே பதிவானது' ஒரு ஏணி. 'டிஎஸ்பி நேரில் வந்தார்' இன்னொன்று. 'நிவாரணத்தின் முதல் தவணை வந்தது' கொஞ்சம் நீளமான ஏணி. பாம்புக்குப் பஞ்சமே இருக்காது: 'எதிர்த்தரப்பும் புகார் கொடுத்து கவுண்டர் கேஸ்', 'சாதிச் சான்றிதழ் தாலுகாவில் நிற்கிறது', 'மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டம் தள்ளிவைப்பு', 'அரசு வழக்கறிஞர் மாறினார்', 'பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்னு சொல்றாங்க'. 97-இல் ஒரு பெரிய பாம்பு கட்டாயம் வேண்டும், அதன் பெயரை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கொத்தடிமை மீட்பு பார்ப்பவர்கள் தனிப்பலகை கேட்பார்கள். அவர்களுக்கு 'ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விடுதலைச் சான்று கொடுத்தார்' தொண்ணூறுக்கு மேல் வரும் ஏணி, 'முன்பணம் கொடுத்ததற்குக் கணக்கு இல்லை, ஆகவே கொத்தடிமை இல்லை' நடுக்கட்டத்துப் பாம்பு.

இதில் உருட்டுவதைவிட எழுதுவதில்தான் பாதி ஆட்டம். ஒவ்வொரு சீட்டையும் சத்தமாக வாசிக்கும்போது வெடிக்கும் சிரிப்பு கசப்பான சிரிப்புதான். ஆனால் நாலு வருஷம் ஒருவரை உறுத்திக்கொண்டிருந்த விஷயம், எல்லோருக்கும் தெரிந்த பாம்பாகப் பலகையில் வால் நீட்டிப் படுத்திருக்கும். இங்கே கண்டிப்பான விதி ஒன்று: ஊர் பெயர், ஆள் பெயர், வழக்கு எண் எதுவும் பலகையில் வரக்கூடாது. பாதிக்கப்பட்டவர் செய்ததும் பாம்பாக வரக்கூடாது. 'அம்மா பயந்து வாபஸ் வாங்கினாங்க' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், 'வாபஸ் வாங்க வைத்தார்கள்' என்று திருத்திப் போடுங்கள். பாம்பு அதிகமானால் ஆட்டம் முடியவே முடியாது. ஒன்பதுக்கு மேல் போனால் இருபது நிமிடத்தில் ஒருவர்கூட நூறைத் தொடாமல் போகலாம், நிஜம் போலவே ஆகிவிடும். மிஞ்சிப்போனதை அடுத்த பலகைக்கு எடுத்துவையுங்கள்.

இரண்டாவது, கட்டியங்காரன் நேரம். தெருக்கூத்தில் ராஜா வேஷம் திரை விலக்கி வந்தவுடன், "நீ யாருப்பா?" என்று கேட்டு, அவர் பெருமையைச் சொல்லச் சொல்லக் கேலி செய்கிறவன் கட்டியங்காரன். அந்த உரிமையை உங்கள் மாதக் கூட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். காலையில் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வர விருப்பமில்லாதவர் சீட்டே போட வேண்டாம். அன்று முழுக்க அவர் வழக்கம்போல் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஏழு நிமிடம் அவருடையது. அன்றைய கூட்டத்தையே நடித்துக் காட்டலாம்: பொறுப்பாளர் "சுருக்கமா ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பேசியது, எக்செல் ஷீட்டில் ஒரு கட்டம் நிரம்பவில்லை என்று நடந்த விசாரணை, நன்கொடை நிறுவனத்தின் பார்வையாளர் வரும் நாளில் மட்டும் வரும் பிஸ்கட். விதி நாலே நாலு. கேலி மேல்நோக்கித்தான் போக வேண்டும்: தன்னைவிடப் பதவியில் கீழே இருப்பவரைத் தொடக்கூடாது. உடம்பு, சாதி, பேச்சுவழக்கு, குடும்பம் கூடாது. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அன்று சொன்னதை மறுநாள் யாரும் எடுத்துப் பேசக்கூடாது, முக்கியமாகக் கேலிக்கு உள்ளானவர். முதல் கட்டியங்காரன் தயங்கித் தயங்கித்தான் செய்வார். பொறுப்பாளர் அன்று எப்படிச் சிரிக்கிறார் என்பதைப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தால் இரண்டாவது மாதம் சீட்டில் ஒரு பெயரும் இருக்காது. அப்படிச் சிரிப்பவர் என்று தெரிந்தால், இதை ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

தவிர்க்க வேண்டியவை சில. ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் சீட்டு எல்லோருக்கும் தெரிந்தது, உடனே யாராவது சொல்வார்கள். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பின்வந்த வடிவங்களோடு, 1952-இல் நாடு முழுக்கப் போய்விட்டது. பொய்த் திருட்டு வழக்குகள் போகவில்லை. உங்கள் குழுவில் இருளர், குறவர் சமூகத்து இளைஞர் ஒருவர் இருந்து, அவர் கையில் 'திருடன்' சீட்டு வந்து, 'போலீஸ்' அவரைக் கண்டுபிடித்து எல்லோரும் கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள். கண்ணைக் கட்டும் ஆட்டம், பின்னால் சாய்ந்து மற்றவர் தாங்கிப் பிடிக்கும் ஆட்டம், பலூன் வெடிப்பது, விசில் ஊதுவது இவையும் வேண்டாம்; லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தவர், அடி வாங்கியவர் யார் என்று எல்லோரும் வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள். "உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" வகை அறிமுக விளையாட்டுகளும் அப்படித்தான். நம் ஊரில் சொந்த ஊர், தெருப் பெயர், குலதெய்வம், கல்யாணச் சாப்பாடு எதைக் கேட்டாலும் அது சாதியைக் கேட்பதில் போய் முடியும். நாற்காலி விளையாட்டில் முதலில் வெளியேறுபவர் எப்போதும் அதே பருமனான, வயதான ஆள்தான். நாற்காலியைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள் என்று மாற்றி ஆடுவது உண்டு. ஆண் பெண் கலந்த குழுவில் கடைசிச் சுற்றுகள் நெருக்கடியாகும் என்பதால் அதையும் பாதியில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய நாடகப் பயிற்சிகளை யாராவது பரிந்துரைப்பார்கள். மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி என்ற நாடகக் குழு 1985-இலிருந்து அந்த வழியில் கிராமங்களில் வேலை செய்கிறது. அருமையான கருவி. ஆனால் பார்வையாளரே மேடையேறி ஒடுக்குமுறைக்குத் தீர்வு தேடும் ஃபோரம் நாடகம் உழைப்பு. அதை ஓய்வு என்ற கணக்கில் எழுதாதீர்கள். அதில் வரும் சின்னப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒருவர் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்த, அந்த இடைவெளி மாறாமல் முகம் கையைத் தொடர வேண்டும். பொறுப்பாளரை இளையவர் நடத்தட்டும். தொடுதல் இல்லை என்பதால் பலருக்கும் ஒத்துவரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது போட்டோ. ஒரு ஊரில் கொலை நடந்த வாரத்தில் உங்கள் ஆட்கள் துணிப்பந்தோடு சிரித்துக்கொண்டிருக்கும் படம் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் பார்க்கும். எதிர்த்தரப்பும் பார்த்துப் பத்திரமாக எடுத்துவைக்கும். போன்களை ஒரு கூடையில் போட்டு மூடிவிடுங்கள். ஆண்டறிக்கைக்கும் இந்தப் படம் வேண்டாம். பாதிக்கப்பட்ட ஊரிலேயோ பக்கத்து ஊரிலேயோ ஆட வேண்டாம். உண்மையறியும் குழு போய்வந்த அன்றும் வேண்டாம். திரும்பும் வண்டியில் யாராவது பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தால் தடுக்காதீர்கள், அது தானாக வருவது, நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சாவு நிகழ்ந்த மாதத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம், "இன்னிக்கு வேணாமா?" என்று கேளுங்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் அழுதுவிடுவது நடக்கும். சிரிப்புக்குக் கதவு திறந்தால் பின்னாலேயே அதுவும் வரும். எல்லோரும் சூழ்ந்துகொள்ளக்கூடாது. முன்கூட்டியே பேசிவைத்த ஒருவர் மட்டும் அவரோடு வெளியே போய் உட்காரட்டும். மற்றவர்கள் அந்தச் சுற்றை அமைதியாக முடித்துவிட்டு டீக்குப் போகட்டும். தூக்கமின்மை, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கு விளையாட்டு வழியில்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளை விடுப்பில் கழிக்காமல், வேலைநாளாகவே எழுதுங்கள்.

நேரக் கணக்கு: வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம், மாதக் கூட்டத்தில் நாற்பது நிமிடம், இதற்கு மேல் வேண்டாம். நடத்துபவர் மாதம் ஒருவராக மாற வேண்டும். பொறுப்பாளரோ வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரோ கூடாது. விதியை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி, ஒரு சுற்று ஒத்திகை பார்த்து, மூன்று சுற்று ஆடுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று குரல் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பரிசு கிடையாது, கடலை மிட்டாய் வாங்கினால் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் உண்டு. இதற்கென்று ஒரு மஞ்சப்பை: சாக்கட்டி ஒரு டப்பா, கூழாங்கல் இருபது, ஓட்டுச்சில்லு ஏழு, துணிப்பந்து இரண்டு, தாயக்கட்டை இரண்டு ஜோடி, பரமபதத்துக்குப் பகடை இரண்டு, புளியங்கொட்டை இருநூறு. புலிக்குப் பெரிய கொட்டையாகப் பொறுக்கிக்கொள்ளலாம். பல்லாங்குழிப் பலகை வாங்க வேண்டாம். தரையில் ஏழேழாகப் பதினாலு வட்டம் போட்டு, குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை வைத்தால் ஆயிற்று.

பயன் இருக்கிறதா என்று கேள்வித்தாள் கொடுத்துக் கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து மஞ்சப்பையைப் பாருங்கள். கொட்டை குறைந்து, சாக்கட்டி தேய்ந்து, யாரோ வீட்டிலிருந்து நல்ல கல் ஐந்து கொண்டுவந்து போட்டிருந்தால் நடக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு: ரிவ்யூ கூட்டத்தில், இதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "இந்த டார்கெட்டை எங்களால முடிக்க முடியாது" என்று நேராகச் சொல்வார். நாலரை மணிக்குப் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினால், அவர்களை அன்று வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதமும் கிளம்பினால் அந்த நாற்பது நிமிடத்தையும் முன்னதாக வீட்டுக்குப் போகும் நேரமாகவே அறிவித்துவிட்டு, பையை மட்டும் அலமாரியின் கீழ்த்தட்டில், பூட்டாமல் வைத்துவிடுங்கள்.